சோழர் மரக்கலம்: சான்றும் புனைவும்

முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து படை செலுத்தி, சீர்விசயப் பேரரசின் துறைமுகங்களை வென்று, 'கடாரங்கொண்டான்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். கடாரம் என்பது இன்றைய கெடா என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. இச்செய்தியைத் தமிழ் படிக்கும் மாணவர் எவரும் அறிவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கோ அது தம் வாயிலுக்கு அருகிலேயே நிகழ்ந்த வரலாறு. ஆதலின், அவ்வெற்றியைத் தேடித்தந்த கப்பல்கள் எத்தகையன என்னும் வினா வகுப்பறையில் எழுவது இயல்பே. அவ்வினாவுக்கு இன்று பரவலாகத் தரப்பட்டுவரும் விடை சான்றோடு ஒத்ததா என்பது ஆராயத்தக்கது.

சோழர் கடற்படை பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் கப்பல் வகைகளின் பட்டியல் ஒன்று காணப்படுகிறது. 'தரணி', 'லூலா', 'வஜ்ரா', 'திரிசடை' என அவ்வகைகள் பெயர் பெறுகின்றன. தரணி என்பது இன்றைய நாசகாரிக் கப்பலுக்கு நிகர், திரிசடை என்பது பெரும் போர்க்கப்பலுக்கு நிகர் என்னும் விளக்கமும் உடன் வருகிறது. படைப்பிரிவுகளுக்கும் அவற்றின் தலைவர்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. படிப்போர்க்குப் பெருமிதம் பொங்குகிறது. ஆயினும், இப்பட்டியல் எந்தக் கல்வெட்டில் உள்ளது, எந்தச் செப்பேட்டில் உள்ளது, எந்தப் பழைய நூலில் உள்ளது என்று எடுத்தாள்வோர் காட்டுவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுத, பலர் எழுதினர் என்பதே சான்று என்றாகிவிடுகிறது.

தமிழாசிரியர்க்கு ஐயம் எழச் சொற்களே போதும். லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது தொடக்க இலக்கணம். 'வச்சிரம்' என்று வர வேண்டிய சொல் ஆகார ஈற்றோடு 'வஜ்ரா' என நிற்பது அண்மைக் கால வழக்கு. இவை மட்டுமே முடிந்த முடிபாகா. சோழர் கல்வெட்டுகளில் வடசொற்கள் கிரந்த எழுத்தில் வருவதுண்டு. ஆனால் மூலச் சான்று காட்டப்படாத பட்டியலில் இத்தகைய வடிவங்களும் சேரும்போது, அதனை அப்படியே கரும்பலகையில் எழுதுவதற்கு ஆசிரியர் தயங்க வேண்டும்.

கருவியே கப்பலை வகுக்கும்

சொல்லைவிடப் பொருளில் உள்ள தவறு பெரிது. போர்க்கப்பல் வகை எதுவும் வெறும் பெயரால் பிறப்பதில்லை. ஒரு காலத்துப் படைக்கருவி எதுவோ, அதுவே அக்காலத்துக் கப்பலின் வடிவையும் பெயரையும் வகுக்கிறது.

நாசகாரியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். நீருக்கடியில் தானே ஓடிச்சென்று வெடிக்கும் டார்பிடோ என்னும் கருவியை 1866-இல் இராபர்ட் வைட்ஹெட் என்பார் உருவாக்கினார். அதன்பின், அக்கருவியைச் சுமந்த சிறு விரைவுப் படகுகள் பெருங்கப்பல்களையே மூழ்கடிக்கக்கூடும் என்னும் அச்சம் கடற்படைகளைப் பற்றிக்கொண்டது. அச்சிறு படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே பிரிட்டன் 1893-இல் 'ஹேவக்' என்னும் கப்பலைக் கடலில் இறக்கியது. 'டார்பிடோப் படகை அழிப்பது' என்னும் நீண்ட பெயரே நாளடைவில் சுருங்கி அழிப்பது, நாசகாரி என்று நின்றது. டார்பிடோ இல்லையேல் நாசகாரி என்னும் வகையே தோன்றியிராது. அவ்வாறிருக்க, அக்கருவி பிறப்பதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்னரே சோழரிடம் நாசகாரிக்கு நிகரான கப்பல் இருந்தது என்பதற்கு என்ன பொருள்?

பெரும் போர்க்கப்பலும் அவ்வாறே. 1906-இல் பிரிட்டன் கட்டிய 'டிரெட்நாட்' 12 அங்குல வாயுடைய பீரங்கிகள் பத்தைத் தாங்கி, நீராவிச் சுழலியால் ஓடியது. அது தோன்றியதும் அதற்கு முன்னிருந்த பெருங்கப்பல்கள் அனைத்தும் பழையன ஆயின. அதற்கும் முன்னே செல்லின், கப்பலின் விலாவில் துளையிட்டுப் பீரங்கி வரிசை அமைக்கும் முறை 1500-ஆம் ஆண்டையொட்டியே ஐரோப்பாவில் பரவியது. அதற்கும் மிகமிக முற்பட்ட கிரேக்கர் கலத்துக்கு மூக்கில் பொருத்திய வெண்கல முட்டுக்கொம்பே படைக்கருவி. பகைவர் கலத்தின் பக்கத்தில் மோதிப் பிளப்பதற்கு விரைவு வேண்டும். விரைவுக்குத் துடுப்பு வலிப்போர் பலர் வேண்டும். ஆகவே கலம் நீண்டு ஒடுங்கியது. இவ்வாறு ஒவ்வொரு வகைக்கும் காரணம் உண்டு. காரணத்தை விட்டுப் பெயரை மட்டும் பெயர்த்து நடுவது, வில்லாளியைத் துப்பாக்கி வீரனுக்கு நிகர் என்று எழுதுவதை ஒக்கும். அதனால் வில்லாளிக்குப் பெருமை கூடுவதில்லை. அவன் வில் மறைந்துபோகிறது.

பிற நாட்டார் கப்பல்களுக்குள்ள சான்று

பழங்காலக் கப்பல் ஒன்றை அறிவதற்கு மூன்று வழிகள் உள்ளன. கப்பலே கிடைக்க வேண்டும். அல்லது அதன் உருவம் கல்லிலோ ஓவியத்திலோ இருக்க வேண்டும். அல்லது அதன் அளவையும் அமைப்பையும் கூறும் எழுத்து இருக்க வேண்டும்.

கி.மு. 480-இல் சலாமிசுக் கடற்போரில் பாரசீகரை வென்ற ஏதென்சு நகரத்தாரின் மூவரிசைத் துடுப்புக் கலம் ஒன்றேனும் முழுமையாகக் கிடைத்ததில்லை. எனினும் அதில் துடுப்பு வலிப்போர் 170 பேர் என்பதும், மாலுமிகளும் வீரரும் சேர்ந்து மொத்தம் 200 பேர் என்பதும் ஐயமின்றித் தெரியும். எவ்வாறு? பிரேயசுத் துறைமுகத்தில் கப்பல்களைக் கரையேற்றி வைத்த கொட்டில்களின் அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அக்கொட்டிலின் அளவிலிருந்து, கலம் ஏறத்தாழ 37 மீட்டர் நீளத்துக்கும் 6 மீட்டர் அகலத்துக்கும் மேற்பட்டிருக்க முடியாது என்பது விளங்கிற்று. கடற்படைக் கணக்கர் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கல்லில் வெட்டிவைத்த பட்டியல்கள் அதே துறைமுகத்தில் கிடைத்தன. கப்பலின் பெயர், கட்டிய தச்சர் பெயர், துடுப்புகளின் எண்ணிக்கை, கயிறுகளின் நிலை ஆகிய அனைத்தும் அவற்றில் உள்ளன. அக்ரோபொலிசில் கிடைத்த புடைப்புச் சிற்பம் துடுப்பு வலிப்போர் அமர்ந்திருந்த முறையைக் காட்டிற்று. இச்சான்றுகளைக் கொண்டு 1987-இல் 'ஒலிம்பியாசு' என்னும் கலமே புதிதாகக் கட்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது.

இராசேந்திரன் காலத்தவரான வடபுலத்து வைக்கிங்குகளின் கப்பலோ நேரிலேயே கிடைத்திருக்கிறது. தென்மார்க்கு நாட்டில் ரொஸ்கில்டே என்னும் ஊரையடுத்த கடற்கழியிலிருந்து 1962-இல் ஐந்து கப்பல்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 4 மீட்டருக்கும் குறைந்த அகலமும் உடைய போர்க்கலம். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அது 1042-ஆம் ஆண்டையொட்டி அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் வெட்டிய கருவாலி மரத்தால் கட்டப்பட்டது எனத் தெரிந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் அரசு வீற்றிருந்த இறுதி ஆண்டுகளே அவை. அதே இடத்தில் கிடைத்த வணிகக் கலங்கள் அகன்றும் ஆழ்ந்தும் இருக்கின்றன. போர்க்கலம் வேறு, வணிகக்கலம் வேறு என்று அங்கே கண்ணாலேயே காணலாம்.

சோழர் கப்பலுக்குள்ள சான்று

இவ்வளவையும் எண்ணிய பின், சோழர்க்கு என்ன சான்று உள்ளது என்று பார்த்தல் வேண்டும். சோழர் போர்க்கலம் என்று உறுதி கூறத்தக்க மரக்கலம் ஒன்றும் கடலடியிலிருந்து எடுக்கப்படவில்லை. சாவகக் கடலில் பெலித்துங் தீவருகே 1998-இல் கண்டுபிடிக்கப்பட்டு, சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் தன் சரக்கைக் காட்சிக்குத் தந்த கப்பல் ஒன்பதாம் நூற்றாண்டினது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த அது மேலைக் கடலார் கட்டுமுறையில் அமைந்த வணிகக் கலம்.

எழுத்துச் சான்றில் தலையாயது இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி. அது வெற்றிகொண்ட ஊர்களைப் பெயர் பெயராகச் சொல்கிறது. சீர்விசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் ஆகியவை அவற்றுட் சில. பகையரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்கிறது. கைப்பற்றிய யானைகளையும் பெருநிதியையும் வித்தியாதரத் தோரணத்தையும் மணிக் கதவங்களையும் விரித்துரைக்கிறது. கப்பல்களைப் பற்றியோ, அலைவீசும் கடலின் நடுவே பல கலங்களைச் செலுத்தினான் என்னும் அளவில் அமைகிறது. எத்தனை கலம், என்ன வகை, என்ன நீளம், எத்தனை வீரர் என்று ஒரு சொல்லும் இல்லை. கதவுக்குக் கொடுத்த இடத்தைக்கூட அது கப்பலுக்குக் கொடுக்கவில்லை.

இராசராசன் காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செய்தி இன்னும் இடர்ப்பாடானது. கலம் என்பதற்கு மரக்கலம் எனப் பொருள் கொண்டு, சேரர் கப்பல்களை அழித்தான் என்பர் ஒரு சாரார். உண்கலம் எனப் பொருள் கொண்டு, சாலையில் நிகழ்ந்த ஊண் பற்றிய ஒழுங்கை மாற்றினான் என்பர் மற்றொரு சாரார். ஒரு சொல்லுக்கே இவ்வாறு வழக்கு இருக்கும்போது, அதன்மேல் ஒரு கடற்போரையே கட்டி எழுப்புவது அடித்தளமின்றி மாடி எழுப்புவதாகும்.

நிகண்டுகளையும் இலக்கியங்களையும் நோக்கின் நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, ஓடம், பஃறி, திமில், தெப்பம் எனப் பெயர்கள் நிறைந்துள்ளன. கடலோடு பழகிய மக்களுக்கே இத்துணைச் சொற்கள் இருக்க முடியும். எனினும், போருக்கு மட்டுமே உரிய கலம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இவற்றுள் ஒன்றும் இல்லை. வங்கத்தில் பண்டமும் சென்றது. படை சென்றிருப்பின் அதிலேயே சென்றிருக்கும்.

வணிகக் கலமே படைக் கலம்

சோழர் கடற்படை எத்தகையது என்பதற்கு இக்கடைசிச் செய்தியே வழி காட்டுகிறது. போருக்கென்றே தனிக் கப்பல் வைத்திருப்பது உலகெங்கும் எப்போதும் இருந்த வழக்கமன்று. துடுப்புக் கலம் விரைவானது. ஆனால் அதில் ஆட்கள் நிறைந்திருப்பர், நீரும் உணவும் வைக்க இடமிராது. ஏதென்சார் கலங்கள் பெரும்பாலும் கரையையொட்டியே ஓடி, உணவுக்கும் உறக்கத்துக்கும் கரையேறின. நாகப்பட்டினத்திலிருந்து கெடாவுக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. அந்த நெடுவழியைக் கடக்க அகன்ற வயிறும் உயர்ந்த பாயும் உடைய கலம் வேண்டும். அது வணிகக் கலத்தின் வடிவே அன்றோ?

பிற நாட்டார் வரலாறும் இதையே சொல்கிறது. 1340-இல் ஸ்லாய்ஸ் என்னும் துறையில் பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்த இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு, வணிகர்களின் கப்பல்களைத் திரட்டி, முன்னும் பின்னும் மரக் கோபுரம் கட்டி, வில்லாளரை ஏற்றியே போருக்குச் சென்றான். 1588-இல் ஸ்பானியரின் பெருங்கடற்படையை எதிர்த்து நின்ற இங்கிலாந்துக் கப்பல்கள் ஏறத்தாழ 200. அவற்றுள் அரசிக்கு உரியவை 34 மட்டுமே, எஞ்சியவற்றுள் மிகப் பல வணிகர் கலங்கள். கடலாட்சிக்குப் பெயர்பெற்ற நாட்டுக்கே பதினாறாம் நூற்றாண்டு வரை அதுவே நிலை. எனவே, சோழர் படை வணிகக் கலங்களில் ஏறிச் சென்றது என்று கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. இஃது உய்த்துணர்வே; கல்வெட்டின் வாய்மொழியன்று. ஆயினும் உள்ள சான்றுகள் அனைத்தோடும் இயைந்து நிற்கும் உய்த்துணர்வு.

இதற்கு ஒரு தடை எழக்கூடும். சான்று கிடைக்கவில்லை என்பதால் சோழரிடம் போர்க்கலமே இல்லை என்றாகிவிடுமா எனச் சிலர் வினவுவர். தக்க வினாவே. மும்பையைச் சார்ந்த எக்சார் என்னும் இடத்து நடுகற்களில், துடுப்புகள் வரிசையாக நீண்ட கலங்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிடும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. மேலைக் கடற்கரையில் துடுப்புப் போர்க்கலம் வழங்கியமைக்கு அது கண்கூடான சான்று. கீழைக் கரையிலும் அத்தகையன இருந்திருக்கலாம். ஆனால் 'இருந்திருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தன. அவற்றின் பெயர் இவை' என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. முன்னது ஆராய்ச்சியின் தொடக்கம், பின்னது கற்பனை.

கற்பனைக்கு உரிய இடமும் உண்டு. சாண்டில்யனின் 'கடல் புறா' ஒரு கப்பலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட புதினம். கதாசிரியர் தம் கப்பலுக்கு விரும்பிய உருவம் கொடுக்கலாம்; அதில் குற்றம் காண்பதற்கு இடமில்லை. படிப்போர் அதைக் கதை என்று தெரிந்தே படிக்கின்றனர். கட்டுரை என்னும் பெயரில் வரும் கதையே தீங்கு செய்வது.

உண்மையான பெருமை

பட்டியலை நீக்கிவிட்டால் சோழர்க்கு எஞ்சுவது யாது? எஞ்சுவதே பெரிது. முதலாவது, காற்றை அறிந்த அறிவு. தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து கிழக்கே செல்வதும், வடகிழக்குப் பருவக்காற்றில் மீள்வதும் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு நாவாய் செலுத்தினான் என்னும் கருத்துப் புறநானூற்றிலேயே உள்ளது. கெடாவின் கரையை அணுகும் மாலுமிக்கு 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை நெடுந்தொலைவிலேயே அடையாளம் காட்டிற்று. அம்மலையடியில் உள்ள பூசாங் பள்ளத்தாக்கில் கிடைத்த கோவில் அடித்தளங்கள், அங்கு நெடுங்காலம் மக்கள் வந்து தங்கியமைக்குச் சான்று.

இரண்டாவது, வழி முன்னரே திறந்திருந்தமை. போருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நட்புக் காலத்தில் பண்டமும் துறவியரும் சென்ற வழியிலேயே பின்னர்ப் படையும் சென்றது. 1015-இல் சோழர் தூதர் சீன நாட்டு அரசவையை அடைந்தமையை அந்நாட்டு வரலாறு குறித்துள்ளது. அத்தூதும் சீர்விசயக் கடல் வழியே சென்றிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வணிகர் குழுக்களின் ஆற்றல். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில் தமிழர் தோண்டிய குளத்தை மணிக்கிராமத்தார் காத்தமையைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. சுமத்திராவின் பாருசுப் பகுதியில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குக் கூடி, மரக்கலத் தலைவர் முதலானோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி முடிவு செய்ததைச் சொல்கிறது. அயல் நாட்டுத் துறையில் கூடி, தமிழில் தீர்மானம் எழுதிக் கல்லில் வெட்டும் அளவுக்கு நிலைபெற்றிருந்தவர்கள் அவர்கள். பல கலங்களை ஒருங்கு திரட்டுவதும், நீரும் அரிசியும் ஏற்றுவதும், வழிகாட்டும் மாலுமிகளைத் தருவதும் இத்தகையோரால் இயலும். பேரரசின் படைவலிமையும் வணிகரின் கடலறிவும் சேர்ந்ததே அவ்வெற்றி. திரிசடை என்னும் பெயரைவிட இச்செய்தி மாணவர் உள்ளத்தில் ஆழப் பதியத்தக்கது.

வகுப்பறைக்கு இதனால் விளையும் பயன் தெளிவானது. சான்றில்லாத பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர், பின்னாளில் பல்கலைக்கழகத்தில் ஒருவர் 'சான்று எங்கே?' என்று கேட்கும்போது வாயடைத்து நிற்பர். அப்போது பட்டியல் மட்டும் வீழ்வதில்லை. கடாரங்கொண்ட வரலாறே கட்டுக்கதையோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் புகுந்துவிடும். மெய்யைத் தாங்க என்று நட்ட பொய்க்கால் முறியும்போது மெய்யும் சாய்ந்துபோகிறது. இதற்கு மாறாக, மெய்க்கீர்த்தி சொல்வது இவ்வளவு, சொல்லாதது இவ்வளவு, பிற சான்றுகளால் உய்த்துணர்வது இவ்வளவு என்று மூன்றையும் பிரித்துக் கற்ற மாணவர் எந்த அவையிலும் தலைநிமிர்ந்து பேசுவர்.

ஆதலின் சோழர் கப்பலைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர், பட்டியலை விடுத்து, மெய்க்கீர்த்தியின் ஊர்ப் பெயர்களை நிலப்படத்தில் குறிக்கச் சொல்லலாம். காற்று எந்தத் திங்களில் எத்திசையில் வீசும் என்று கேட்கலாம். பாருசுக் கல்வெட்டின் செய்தியைச் சொல்லி, அவ்வணிகர் எவ்வாறு அங்குச் சென்றிருப்பர் என்று சிந்திக்கச் செய்யலாம். கடலடியிலிருந்து நாளை ஒரு சோழர் கலம் வெளிப்படின், அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து அறிந்துகொள்ள அம்மாணவர் ஆயத்தமாக இருப்பர்.